வாசல் ஏறும்போது கார் அடி தட்டாமல் இருக்க

2015 வெள்ளத்தைப் பார்த்த பிறகு சென்னையில் வீடு கட்டிய பலரும் தரையை இரண்டடி, மூன்றடி என்று ஏற்றித்தான் கட்டினார்கள். பழைய வீட்டை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கியவர்களும் உண்டு. இனி வீட்டுக்குள் தண்ணீர் வராது. காரும் வராது! கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே இருக்கிற பத்தடிக்குள் அத்தனை உயரத்தையும் அடக்கியாக வேண்டும். இன்னொரு பக்கம், பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் ரோடு உயர்ந்து, பல பழைய வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. சுரண்டிவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் உத்தரவிட்டது. அதற்கு முன் ஏறியது ஏறியதுதான்.

மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் செடான் வைத்திருப்பவர்களுக்கு வாசலில் ஒரே கதைதான்: 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், வண்டிக்குள் எல்லோரும் ஒருசேர முகம் சுளிப்பது. இதற்குச் சரிவைக் குறை சொல்வோம். உண்மையில் நேரான சரிவில் எந்தக் காரும் உரசுவதில்லை. சரிவு மடங்குகிற இரண்டு இடங்களில்தான் உரசுகிறது. ரோட்டோடு சேரும் கீழ் மடிப்பு ஒன்று, போர்ட்டிகோவோடு சேரும் மேல் மடிப்பு ஒன்று. கீழே உள்ள குறிப்புகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டு மடிப்புகளைப் பற்றியவைதான்.

1. முதலில் எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். ரேம்பின் சிமென்ட் தரையே சொல்லிவிடும். கீழ் மடிப்பில் அகலமாக, கறுப்பாகத் தேய்ந்த கோடுகள் இருந்தால் பம்பரின் அடி பிளாஸ்டிக் உரசுகிறது. மேல் மடிப்பில் நடுவாக ஒரு பளபளப்பான கீறல் இருந்தால் இரும்பு பட்டிருக்கிறது: சைலன்சர் குழாயோ, இன்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டமோ. சத்தமும் வேறு. பிளாஸ்டிக் 'கர்ர்ர்' என்று இழுபடும், இரும்பு 'டங்' என்று இடித்துவிட்டுத் தேயும். முதலாவது அழகுக்குக் கேடு. இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது.

2. கீறல் பழசா புதுசா என்று புரியவில்லையென்றால் கோலமாவு இருக்கவே இருக்கிறது. கல்மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, மேல் மடிப்பின் மேல் ஒரு முழ அகலத்துக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பூசுங்கள். ஈரம் காய்வதற்குள் வண்டியை மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். பிறகு செல்போனில் டார்ச்சைப் போட்டு வீடியோவை ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் நீட்டி ஒரு சுற்று எடுங்கள். வெள்ளை ஒட்டிய இடம்தான் இடிபடுகிற இடம். சக்கரம் போன தடம் தவிர வேறெங்கும் மாவு கலையாமல் இருந்தால், மேல் மடிப்பில் பிரச்சினை இல்லை, கீழ் மடிப்பைக் கவனியுங்கள் என்று அர்த்தம். இதைத் தனியாக ஒரு தடவையும் வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு தடவையும் செய்து பார்த்தால்தான் முழுக்கதை தெரியும்.

3. கொஞ்சம் கணக்கு. போனால் போகட்டும், ஒரே ஒரு கணக்குதான். வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸை வீல்பேஸின் பாதியால் வகுத்து, இரண்டால் பெருக்குங்கள். வருகிற எண்தான் அந்த வண்டி வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய மேல் மடிப்பு. ஹோண்டா சிட்டிக்குக் கிளியரன்ஸ் 165 மி.மீ., வீல்பேஸ் 2,600 மி.மீ. 165-ஐ 1,300-ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் 0.25. கொத்தனார் மொழியில் 'ஒண்ணுக்கு நாலு': நாலடி போனால் ஓரடி ஏற்றம். கோணத்தில் சொன்னால் சுமார் 14 டிகிரி.

இப்போது உங்கள் வாசலைப் பாருங்கள். இரண்டரை அடி உயரம், பத்தடி தூரம் என்றால் அதுவும் ஒண்ணுக்கு நாலுதான். வண்டி மயிரிழையில் தப்பும். ஆனால் கம்பெனி சொல்கிற 165 மி.மீ., வண்டி காலியாக நிற்கும்போது உள்ள அளவு. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமானும் இருந்தால் நாலைந்து சென்டிமீட்டர் இறங்குவது சாதாரணம். 120 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒண்ணுக்கு ஐந்தரை வந்துவிடுகிறது. ஆபீஸிலிருந்து தனியாக வரும்போது சத்தமில்லாமல் ஏறுகிற வண்டி, மாமனார் மாமியாரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரும்போது மட்டும் உரசுவதற்கு இதுதான் காரணம். அவர்கள் மேல் பழி போட வேண்டாம்.

4. கிளியரன்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மாருதி டிசையருக்குக் கிளியரன்ஸ் 163 மி.மீ., சிட்டியைவிட 2 மி.மீ. குறைவு. ஆனால் வீல்பேஸ் 2,450 மி.மீ. தான். சக்கரங்கள் நெருங்கி இருப்பதால் முகட்டை, அதாவது மேல் மடிப்பை, தாண்டுவதில் டிசையரே தேவலை. நீளமான வண்டிக்கு வயிறு இடிக்கும். முன்மூக்கு நீண்ட வண்டிக்குப் பம்பர் இடிக்கும். இரண்டும் தனித்தனி நோய்.

5. சரிவை அளக்க இன்ஜினீயர் தேவையில்லை. செல்போனில் கோணம் காட்டும் ஆப் இருக்கிறது. ஆறடி நீளமுள்ள நேரான சட்டத்தை ரேம்பின் மேல் கிடத்தி, அதன் மேல் போனை வையுங்கள். ஒண்ணுக்கு நாலு என்றால் 14 டிகிரி, ஒண்ணுக்கு ஆறு என்றால் ஒன்பதரை, ஒண்ணுக்கு எட்டு என்றால் 7 டிகிரி. கார்களுக்கு ஒண்ணுக்கு எட்டு நிம்மதி. சக்கர நாற்காலியும் அதே வழியில் போக வேண்டும் என்றால் ஒண்ணுக்குப் பன்னிரண்டு. மொத்த உயரத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும்.

6. ஏறுவதற்கு முன் ஆட்களை இறக்கிவிடுங்கள். இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. முக்கியமாகப் பின் சீட்டில் இருப்பவர்கள் இறங்கட்டும். டிக்கியில் நிரந்தரக் குடித்தனம் நடத்தும் தண்ணீர் கேன், பழைய பேட்டரி, ஊருக்குக் கொடுத்தனுப்ப வைத்த அரிசி மூட்டை எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். சிஎன்ஜி சிலிண்டர் பொருத்திய வண்டி எப்போதுமே பின்பக்கம் கனத்தோடுதான் நிற்கும். அதை இறக்க முடியாது, கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

7. ஒரே வாசல், ஒரே வண்டி, முன்பு உரசவில்லை, இப்போது உரசுகிறது என்றால் டயர் காற்றைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து, இடது வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கணிசமாகக் குறைந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அப்படியானால் ரேம்பை உடைப்பதற்கு முன் மெக்கானிக்கைப் பாருங்கள்.

8. நேராக ஏறாமல் கோணலாக ஏறுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். கோணலாகப் போனால் சக்கரங்கள் ஒவ்வொன்றாக மடிப்பைத் தாண்டும். பம்பரின் நடுப்பகுதிக்குப் பதில் சக்கரத்துக்குப் பக்கத்திலுள்ள மூலை முதலில் வரும். ஆனால் சிட்டியின் நீளம் பதினைந்து அடி, நம் கேட்டின் அகலம் பத்தடி, எதிரே இருபதடித் தெரு. அதில் எவ்வளவு கோணல் கிடைத்துவிடப்போகிறது? கிடைக்கிற கொஞ்சத்தைப் பயன்படுத்துங்கள், கேட் தூணில் கண்ணாடியை இழக்காமல். செங்குத்தான ரேம்பில் அதிகக் கோணலாகப் போனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு சும்மா சுற்றும். அப்படித் தூக்கினால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் பின்வாங்கி நேராக்கிக்கொள்ளுங்கள்.

9. வீட்டிலிருந்து இறங்கும்போது கீழ் மடிப்பில் பிரேக் பிடிக்காதீர்கள். பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு தாழும். தாழும் அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் பம்பரைத் தரையில் தேய்க்கிறது. மடிப்புக்கு முன்பே நடை வேகத்துக்கு இறக்கிவிட்டு, முன் சக்கரம் ரோட்டைத் தொடும் நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். தெருவில் ஆள் வருகிறார்களா என்று பார்ப்பதையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். யாராவது ஒருவர் தெருவில் நின்று சைகை காட்டினால் நல்லது.

10. வேகமாக ஏற்றினால் தாவிப் போய்விடும் என்பது தப்பு. வேகத்தில் சஸ்பென்ஷன் அமுங்கி எழும், அமுங்குகிற நேரத்தில்தான் அடி விழும்.

11. பம்பர் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் உடனே ரிவர்ஸ் போட்டு இழுக்காதீர்கள். முன்னால் போகும்போது பம்பரின் அடி விளிம்பு பெரும்பாலும் வளைந்து கொடுக்கும். பின்னால் இழுக்கும்போது கொக்கி மாதிரி மாட்டி, கிளிப்புகளோடு பிடுங்கிக்கொண்டு வரும். முழு பம்பரும் வாசலில் கிடக்க, வண்டி ரோட்டில் நிற்பது இப்படித்தான். இறங்கிப் பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் பலகையைச் செருகி, அதன் மேல் ஏறும்படி பின்வாங்கினால் மூக்கு உயர்ந்து விடுபடும்.

12. வயிறு முகட்டில் உட்கார்ந்துவிட்டால் முதலில் எல்லோரும் இறங்குங்கள். பாதி நேரம் அதிலேயே வண்டி எழுந்துகொள்ளும். எழாவிட்டால் ஜாக்கி வேண்டும். சரிவில் ஜாக்கி வைப்பது ஆபத்தான வேலை. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கீழ்ப்பக்கம் செங்கல் அல்ல, கனமான மரக்கட்டை அண்டை கொடுத்து, வண்டிக்கு அடியில் கையோ தலையோ நுழைக்காமல் செய்ய முடிந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் தூக்கும் வண்டியைக் கூப்பிடுங்கள். மின்சாரக் காருக்கு அடியில் பேட்டரிதான் பரந்து கிடக்கிறது. அது முகட்டில் உட்கார்ந்தால் சொந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம். சர்வீஸ் சென்டரில் அடியைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

13. பலகை போடுவதென்றால் எங்கே போடுவது? எல்லோரும் முகட்டின் மேலேயே போடுவார்கள். அது வீண். வண்டியின் வயிறு முகட்டுக்கு மேலே வரும் நேரத்தில் சக்கரங்கள் முகட்டில் இல்லை. முன் சக்கரம் முகட்டைத் தாண்டி நாலடி தள்ளியும், பின் சக்கரம் முகட்டுக்கு நாலடி முன்னாலும் இருக்கும். பலகை வேண்டியது அந்த இடங்களில். இரண்டு அங்குலக் கனம், ஓரடி அகலம், நாலைந்து அடி நீளம், இரண்டு முனையும் சாய்வாகச் சீவியது. இரண்டு தடத்துக்கும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று நாலு பலகை. அடியில் பழைய டயர் ரப்பரை ஆணியடித்தால் வழுக்காது. இரண்டு அங்குலம் என்பது 50 மி.மீ. வயிற்றுக்கு அவ்வளவும் லாபம்.

14. பலகை வைத்து எடுப்பது அலுத்துப்போனால் முகட்டையே வெட்டுங்கள். முழு ரேம்பையும் இடிக்க வேண்டியதில்லை. ஒண்ணுக்கு நாலு ரேம்பில் முகட்டின் நுனியிலிருந்து மேலே இரண்டடி, கீழே இரண்டடி விட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். அந்த நாலடிக்குள் நுனியில் மூன்று அங்குலம் இறங்கும்படி கொத்தி, இரண்டு கோடுகளையும் ஒரே நேர்ச்சாய்வாக இணைத்தால் ஒரு கூர்மையான மடிப்பு இரண்டு சின்ன மடிப்புகளாகிவிடும். 2,600 மி.மீ. வீல்பேஸ் வண்டிக்கு முன்பு சக்கரங்களுக்கு நடுவே 160 மி.மீ. உயரத்துக்கு மேடு துருத்திக்கொண்டிருந்தது. இப்போது அது 85 மி.மீ. ஆகிவிடும். ஐந்து பேரோடு 120 மி.மீ. உயரத்தில் நிற்கிற வண்டியும் தாராளமாகப் போகும்.

மேஸ்திரி, "எதுக்கு சார் நல்லா இருக்குற தளத்தைக் கொத்தணும், மேல கொஞ்சம் கலவை வெச்சு சாய்ச்சுக் குடுத்துடுறேன்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். முகட்டின் மேல் கலவை வைத்தால் முகடு இன்னும் உயரும். ஓரங்களில் மெல்லியதாக வைக்கிற கலவையும் நாலு மாதத்தில் பெயர்ந்துவிடும். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டத்தான் வேண்டும். வெட்டும் முன் அடியில் குடிநீர்க் குழாயோ, சாக்கடைக் குழாயோ, மின்சார கேபிளோ போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

15. வெட்டுவதற்கும் செலவு பார்த்தால், நடுவை மட்டும் தாழ்த்துங்கள். காரின் அடியில் தாழ்வாகத் தொங்குகிற சேம்பர் (இன்ஜின் ஆயில் தேங்கும் தொட்டி), சைலன்சர் எல்லாம் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன. சிட்டி அளவு வண்டியின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே மையத்துக்கு மையம் ஏறத்தாழ ஐந்தடி. ஆகவே இரண்டு பக்கமும் இரண்டடி அகலத் தடத்தை அப்படியே விட்டுவிட்டு, நடுவிலுள்ள மூன்றடியை முகட்டருகே மட்டும் இரண்டு அங்குலம் கொத்தி எடுத்தால் போதும். புதிதாகக் கட்டுபவர்கள் ஆரம்பத்திலேயே இரண்டு தடங்களை மட்டும் கான்கிரீட் போட்டு, நடுவைத் தாழ்வாக விட்டுப் புல்லோ கூழாங்கல்லோ போடலாம். மழைத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கும்.

16. கீழ் மடிப்பில் பம்பர் இடித்தால் ரேம்பை ரோட்டுக்குள் நீட்டலாமே என்று தோன்றும். அக்கம்பக்கத்தில் பத்து வீட்டில் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். நடைபாதையிலும் மழைநீர் வடிகால் மேலும் நீட்டிய ரேம்பை மாநகராட்சி எப்போது வேண்டுமானாலும் இடிக்கும். மேலும் இரவில் வருகிற டூவீலர்காரருக்குத் தெருவோரத்தில் திடீரென்று எழும்பும் சிமென்ட் மேடு ஆபத்து. மாற்றத்தைக் கேட்டுக்கு உள்ளே செய்யுங்கள். சரிவின் முதல் நாலடியைப் பாதிச் சாய்வாக ஆக்கினால் பம்பர் தப்பிக்கும். அந்த உயரத்தை மீதித் தூரத்தில் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் மேல் மடிப்பு கூடும். ஆகவே 14-ஆவது குறிப்பையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

17. வீடு இன்னும் கட்டவில்லை என்றால் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: போர்ட்டிகோ தரை வீட்டுத் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. வீடு இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும், போர்ட்டிகோவை ஒன்றரை அடியில் நிறுத்தி, வராந்தாவுக்கு இரண்டு படி வையுங்கள். அதே பத்தடியில் சரிவு ஒண்ணுக்கு நாலிலிருந்து கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஏழாகிவிடும். பெரிய வெள்ளம் வந்தால் கார் ஓரடி கூடுதலாக நனையும் அபாயம் உண்டு. தண்ணீர் தேங்கும் பகுதியாக இருந்தால் அதை யோசித்து முடிவெடுங்கள். பிளான் போடுகிறவர் வண்டியின் பெயரைக் கேட்காமலேயே ரேம்ப் வரைந்தால், நீங்களாகவே சொல்லுங்கள்.

18. ரோடு உயர்ந்து வீடு பள்ளத்தில் போனவர்கள், தெருத் தண்ணீரை மறிக்கக் கேட்டின் கீழ் ஒரு சிமென்ட் வரப்பு கட்டுவார்கள். கை அகலத்தில், அரையடி உயரத்தில் கட்டிய வரப்பு வண்டிக்கு எமன். தண்ணீரை மறிப்பது வரப்பின் உயரம்தான், அதன் செங்குத்து அல்ல. சாலைகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்கிற வடிவத்தைப் பாருங்கள்: 10 செ.மீ. உயரம், அதற்கு 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. அவ்வளவு இடம் வாசலில் கிடைக்காது. ஆனால் மூன்று அங்குல உயரத்துக்கு இரண்டு பக்கமும் நாலடி சாய்வு கொடுத்தாலே வண்டி வலிக்காமல் ஏறி இறங்கும். அதற்கு உள்பக்கம் ஒரு குறுக்கு வாய்க்கால் எடுத்து இரும்புக் கிராதி போட்டு மூடினால், தாண்டி வருகிற தண்ணீரையும் பிடித்துக்கொள்ளலாம். கிராதியின் கம்பி வண்டிக் கனத்தைத் தாங்குவதாக இருக்கட்டும்.

19. வெல்டிங் பட்டறையில் செக்கர்டு பிளேட் வைத்து மடக்கு ரேம்ப் செய்து தருவார்கள். 5, 6 மி.மீ. தகடு, அடியில் ஆங்கிள் முட்டு. வேலை முடிந்ததும் கேட்டோடு சேர்த்து மடக்கி நிறுத்திவிடலாம் என்பதால் தெருவை அடைக்காது. குறைகள் மூன்று: கனம், துரு, சத்தம். அதிகாலை விமானத்துக்குக் கிளம்பும்போது தெருவே விழித்துக்கொள்ளும். அடியில் ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால் இதைத் தூக்கி மடக்குவது நடக்காத காரியம்.

20. ரேம்பின் மேல் வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். கான்கிரீட் போட்டு, ஈரம் இருக்கும்போதே சரிவுக்குக் குறுக்காகக் கோடு கிழிக்கச் சொல்லுங்கள். பழைய தளத்தோடு சேர்க்கிற இடத்தில் நன்றாகக் கொத்திவிட்டு, கழுவி, சிமென்ட் பால் ஊற்றிய பிறகே புதுக் கலவை. சாக்கு போட்டு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். அதுவரை வண்டி தெருவில்தான். இரண்டு வாரம் பொறுத்தால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் பாசி பிடித்தால் தேய்த்துக் கழுவுங்கள். சக்கரம் வழுக்கினால் வண்டி பக்கவாட்டில் நழுவி, தட்டாத இடத்தில் தட்டும்.

21. வண்டியில் என்ன செய்யலாம்? பம்பரின் அடி விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டலாம். மலிவு, பலனும் உண்டு, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இன்ஜினுக்கு அடியில் இரும்புக் காப்புத்தகடு போடலாம். ஆனால் அது போட்ட இடத்தில் கிளியரன்ஸ் இன்னும் குறையும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். சேம்பர் உடையாது, சத்தம் அதிகமாகும். ஸ்பிரிங்குக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர், வண்டி கனத்தில் அமுங்குவதைக் குறைக்கும். பதிலுக்குக் குண்டு குழியெல்லாம் முதுகில் தெரியும். ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைத்து வண்டியையே உயர்த்துவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வாசலில் ஒரு நிமிட வசதிக்காக நெடுஞ்சாலையில் வண்டியின் நிலைப்பாட்டைக் கெடுத்துக்கொள்வானேன்? வாரன்டியும் கேள்விக்குறியாகும்.

22. பெரிய டயர் போட்டால் உயரும் என்பது உண்மைதான், எவ்வளவு என்பதுதான் கேள்வி. 185/60 ஆர்15-க்குப் பதில் 185/65 ஆர்15 போட்டால் வண்டி உயர்வது வெறும் 9 மி.மீ. ஸ்பீடோமீட்டரும் முன்பு காட்டியதைவிட 3 சதவிகிதம் குறைவாகக் காட்டத் தொடங்கும்.

23. பலமாக அடிபட்ட அன்று இரவு, வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் கறுப்பாகவோ பழுப்பாகவோ சொட்டு இருந்தால் இன்ஜின் ஆயில், சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தண்ணீர் பதத்தில் இருந்தால் கூலன்ட். ஏசி போட்டதால் சொட்டும் சுத்தமான தண்ணீரைக் கண்டு பதற வேண்டாம். பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். சேம்பர் ஓட்டையானதைச் சரிசெய்வது சின்னச் செலவு. ஆயில் இல்லாமல் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால் அது பெரிய செலவு. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் அதற்குப் பணமும் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால் உண்டா என்று பாலிசியை எடுத்துப் படிக்க வேண்டும்.

24. சின்னக் கீறலுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கேட்காதீர்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம்வரை ஏறுகிறது. ஒரு பம்பர் பெயின்டுக்காக அதை இழப்பது நஷ்டக் கணக்கு. இரும்பில் பட்ட கீறலை மட்டும் கழுவிக் காயவைத்து, துரு பிடிக்காத பெயின்ட் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

25. புது கார் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போவதற்குப் பதில் நேராக வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள நாலு பேரும் ஏறி, டிக்கியில் கனமான பைகளையும் வைத்து, ஷோரூம்காரரை ஓட்டச் சொல்லி வாசலில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். "எஸ்யூவி எடுத்துக்கோங்க சார், ஒரு தொல்லையும் இருக்காது" என்று அவர் சொன்னாலும் அதையும் ஏற்றிப் பாருங்கள். 190 மி.மீ. கிளியரன்ஸ், 2,610 மி.மீ. வீல்பேஸ் உள்ள கிரெட்டாவுக்கு 3-ஆவது குறிப்பின் கணக்கைப் போட்டால் 0.29 வருகிறது. சிட்டியைவிட இரண்டு டிகிரிதான் கூடுதல். அடுக்குமாடி வீடு வாங்குபவர்களும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பேஸ்மென்ட் ரேம்பில் தங்கள் வண்டியை ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பார்க்கட்டும். அங்கே மடிப்பு தப்பாக இருந்தால் சங்கம் கூடி, தீர்மானம் போட்டு, எல்லோரும் பணம் கொடுத்து வெட்டுவதற்குள் பம்பர் இரண்டு மாற்றியிருப்பீர்கள்.